மூன்றாவது கூண்டு

நாள் 61 — 07:20
நிலவின் தென்துருவ ஆய்வகம். பதிவு செய்பவர் டாக்டர் ஜெனோவா. இங்கே நான் ஒருத்திதான். அடுத்த கப்பல் வர ஐந்து மாதம் ஆகும்.
காற்றழுத்தம் சீர். மின்சாரம் சீர். எலிகள் இருபதும் உயிரோடு. எல்லா எலிக்கும் கல்லீரலில் சிறு புற்றுக்கட்டி உண்டு, அப்படித்தான் அனுப்பினார்கள். முதல் கூண்டின் உணவில் அமினோ அமிலப் பொடி கலக்கிறேன். இரண்டாம் கூண்டுக்கு வெறும் உணவு. பொடி கட்டியை வளர்க்குமா என்பதுதான் கேள்வி. குறைந்த ஈர்ப்பில் தசை கரையாமலிருக்க அதே பொடியை நானும் காலையில் ஒரு கோப்பை குடிக்கிறேன்.
பொடியை உருவாக்கியவன் ரூபஸ். நாகர்கோவிலில் என்னோடு பள்ளியில் படித்தவன், மருத்துவக் கல்லூரியிலும் ஒரே பெஞ்சு. பூமியிலிருந்து என்னோடு பேசுகிறவனும் அவனே.

நாள் 78 — 09:05
முதல் கூண்டின் கட்டிகள் இரண்டாம் கூண்டில் உள்ளவற்றைப்போல் மூன்று மடங்கு ஆகிவிட்டன. மறுபடி ஸ்கேன் எடுத்தேன். அதே முடிவு. தசைக்குப் போகவேண்டியதைக் கட்டி தின்று கொழுக்கிறது.
ரூபஸிடம் சொன்னேன். பதில்: “எளா, எலிக்கு வந்தா மனுசனுக்கும் வரணும்னு சட்டமா? உனக்கென்ன கட்டியா இருக்கு? பேசாம குடி. காலு சூம்பிப் போச்சுன்னா நடக்க முடியாது, கேட்டியா.”
சிரித்துவிட்டேன். குடித்தேன்.

நாள் 83 — 10:40
எலிகளின் ஸ்கேன் கருவியைச் சும்மா என் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். கல்லீரலில் ஒரு நிழல். நெல்லிக்காய் அளவு. ஜெல் காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 83 — 11:15
ரூபஸிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “கல்லீரல்ல ஏதோ ஒண்ணு தெரியுது.” எந்த இடம் என்று சொல்லவில்லை.
“பதறாத. வலது மடல்ல, பின்பக்கம்தானே? அது லேசுல ரத்தக்குழாய்ப் பக்கம் போகாது.”
“லேய் ரூபஸ், பின்பக்கம்னு உனக்கு யாரு சொன்னா?”
இணைப்பைத் துண்டித்துவிட்டான்.
புறப்படுமுன் எனக்கு ஸ்கேன் எடுத்தவன் அவன். “சுத்தமா இருக்கு, போயிட்டு வா” என்று தோளில் தட்டியவன் அவன். அன்று எங்கள் வீட்டில் மீன்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நாள் 84 — 08:00
அவனே அழைத்தான்.
“அப்ப அது கடுகளவுதான் இருந்துச்சு. அறுத்து எடுத்திருக்கலாம், இல்லங்கல. ஆனா எலிய வச்சு எவனும் நம்ப மாட்டான். செவ்வாய்க்கு நூறு பேரு போறாவ. எல்லாருக்கும் இந்தப் பொடிதான். மனுசனுக்கு என்ன ஆவும்னு தெரியண்டாமா?”
“எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?”
“கேட்டா நீ ஒத்துக்கிட மாட்ட.”
பொடி முழுவதையும் குப்பைப் பெட்டியில் கொட்டினேன். கப்பலை முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். பார்க்கிறேன் என்றான். வேறு யாரிடமும் பேச வழியில்லை; எல்லா இணைப்பும் அவன் மேசை வழியாகத்தான் போகிறது. கணினிப் பதிவையும் அவனால் படிக்க முடியும். ஆகவே இன்று முதல் எலித் தீவனப் பைகளின் பின்புறத்தில் எழுதுகிறேன்.

நாள் 99 — 09:30
கால் தசை குறைகிறது. அது எதிர்பார்த்ததுதான். என் கட்டியோ நிற்காமல் வளர்கிறது. தானாகவே வளரக்கூடியதுதான் என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் இரண்டாம் கூண்டு? பொடியே தின்னாத அந்த எலிகளின் கட்டிகளும் திடீரென்று பெருத்திருக்கின்றன. தீவனம் மாறவில்லை. அவற்றுக்கும் எனக்கும் பொதுவானது தண்ணீர் ஒன்றுதான்.
குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். லூசின். ஐசோலூசின். வேலின். பொடியில் இருந்த அதே மூன்று அமினோ அமிலங்கள்.
குடிநீரில் தாது உப்பு கலக்கும் இயந்திரம் பூமியிலிருந்து இயக்கப்படுகிறது. அதற்குள் பொடியையும் முன்பே ஏற்றி வைத்திருக்கிறான்; நான் குடிப்பதை நிறுத்தியதும் திறந்துவிட்டிருக்கிறான். ஒருநாள் நான் கோப்பையைத் தள்ளிவிடுவேன் என்பது ஏவுகலம் கிளம்புமுன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னை அவ்வளவு நன்றாக அறிந்தவன் வேறு யாருமில்லை.

நாள் 103 — 13:10
அவசரத்துக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பொட்டலங்கள் தீர்ந்தன. எதிர்ப் பள்ளத்தில் பனிக்கட்டி இருக்கிறது. உருக்கினால் அவன் கைபடாத தண்ணீர். கால் நடுங்க நடுங்க விண்ணுடையை மாட்டிக்கொண்டு போனேன். வெளிக்கதவு திறக்கவில்லை.
“ஜெனோவா, அந்தக் கால வச்சுக்கிட்டு வெளிய போனா விழுந்துருவ. உன் நல்லதுக்குத்தான் பூட்டியிருக்கு. குழாய்த் தண்ணியக் குடிளா. நீ குடிக்கலன்னு மீட்டரு காட்டுது.”
“என் நல்லதுக்கா?”
“செரி, கட்டி இப்ப எவ்வளவு இருக்கு? அத மட்டும் சொல்லு.”
ஸ்கேன் கருவியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினேன். இனி என்னிடமிருந்து அவனுக்கு ஒரு எண்ணும் கிடைக்காது.

நாள் 105 — காலை
குடித்துவிட்டேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாங்கவில்லை. கசந்தது. மறுபடியும் குடித்தேன்.
எலிகளைக் கொன்று, கூண்டுக்கு ஒரு தட்டாக உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். மூன்றாம் தட்டு காலி. அது எனக்கு.
இதை எடுப்பவரே, குழாயில் குடிக்காதீர்கள். என் கல்லீரலை வெட்டி எடுத்து எலிகளுடையதோடு சேர்த்து வையுங்கள். செவ்வாய்க்குப் போகிறவர்களிடம் காட்டுங்கள். சம்மதம் தருகிறேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகத் தருகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், ரூபஸிடம் மட்டும்

நாள் 105 — பிறகு
அழைத்தான். சந்தோஷமான குரல்.
“கப்பலு கிளம்பியாச்சு. நானே வாறேன், உன்னக் கூட்டிட்டுப் போக.”
அப்படியென்றால் முதலில் கதவைத் திறக்கப்போவது நீ. இந்தப் பையைப் புரட்டிக்கொண்டிருப்பதும் நீதான்.
நீ வந்து சேரும்வரை இந்த உடம்பு தாங்காது. அளவு கேட்டாயே, ரூபஸ். உன் கையாலேயே வெட்டிப் பார்த்துக்கொள்.