எதிர்ச்சுற்று

ஆகஸ்ட் 19, 2024 – திங்கள்

காட்டுப் பூங்காவில் முதல் நாள். அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்தே நிமிடம். இத்தனை வருஷம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வாசல் போர்டில் ‘எளிய வட்டப்பாதை, 1.2 கி.மீ., முதியோரும் நடக்கலாம்’ என்று போட்டிருக்கிறது. எழுதின ஆள் என்னை மாதிரி கணுக்காலில் தகடு வைத்துக்கொண்டு நடந்து பார்த்திருக்க வேண்டும்! கால்வாசி போவதற்குள் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் மக்காவுக்குப் போகும் உம்ரா பயண விண்ணப்பத்தை எடுத்து வந்தார். ‘சக்கர நாற்காலி தேவையா?’ ஜுல்பிகர் என்ற பேருக்கு நேரே ‘இல்லை’. மெஹருன்னிசா என்ற பேருக்கு நேரே இன்னும் காலி.

“ஆம்னு டிக் பண்ணிரு மெஹரு. அங்க வச்சு உனக்கு முடியலைன்னா நான் யாரைப் போயி கூப்பிடுவேன்?” என்றார்.

அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எட்டு வருஷ ஆசை. கஅபாவை உட்கார்ந்துகொண்டா சுற்றுவேன்? முடியாதவங்க உட்காரட்டும். எனக்குக் கால் இருக்குல்ல? செப்டம்பர் 30-க்குள் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். அதற்குள் இந்தப் பாதையில் மூன்று சுற்று, எங்கும் உட்காராமல். முடியாவிட்டால் நானே ‘ஆம்’ போட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 22

ஒரு சுற்று. நாலு தடவை உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 26

ஒரு சுற்று, இரண்டு தடவைதான் உட்கார்ந்தேன்.

பூங்காவில் எல்லாரும் கோயில் பிரகாரம் மாதிரி வலமாகவே சுற்றுகிறார்கள். அப்படிப் போகச் சொல்லி போர்டு ஒன்றும் இல்லை, பழக்கம்தான். நான் இடமாக நடக்கிறேன். கஅபாவை இடப்பக்கம் வைத்துத்தான் ஏழு சுற்றும் வர வேண்டும், கால் இப்போதே பழகட்டும் என்று. இன்று கழுத்தில் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் வழிமறித்தார்.

“ஏம்மா, ஊரே ஒரு பக்கம் போகுது, நீங்க மட்டும் எதுக்க வாரீங்க? இப்படிச் சுத்துறது இழவுக்குத்தான், தெரியுமா?”

சுருக்கென்றது. “அது உங்க கணக்குண்ணே. எங்க கணக்குல இதுதான் நேரு” என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. இழவாம்ல இழவு! என்ன வாயி அந்த ஆளுக்கு!

செப்டம்பர் 2

பேர் சிவனாண்டியாம். யாரோ கூப்பிட்டதில் தெரிந்தது. எதிர் எதிராகப் போவதால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார், நான் இந்தப் பக்கம். கழுத்துக்கும் பயிற்சியாச்சு.

செப்டம்பர் 9

ஒன்றே முக்கால் சுற்று. உட்காரவே இல்லை!

செப்டம்பர் 14

விழுந்துவிட்டேன்.

நேற்றைய மழையில் சரிவு முழுக்கச் சேறு. என்னைத் தாண்டிப் போனவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. எதிரே வந்தவர் சிவனாண்டி மட்டும்தான். ஓடி வந்தார். கையைப் பிடிக்கத் தயங்கினார் போல. துண்டை எடுத்து நுனியை நீட்டினார். “பிடிங்க பாயம்மா.”

பிடித்து எழுந்தேன். காலுக்கு ஒன்றுமில்லை, முழங்கையில்தான் சிராய்ப்பு. பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. “எங்க வீட்டுக்காரரப் பாத்தா சொல்லிராதீங்கண்ணே, நாற்காலியில உக்கார வச்சிருவாரு” என்று விண்ணப்பம், கஅபா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

அவர் துண்டில் ஒட்டிய சேற்றை உதறினார். பிறகு சொன்னார்: “போன மாசியில பேரையூர்ல எம்பொண்டாட்டிக்குக் குடம் தூக்கி மூணு சுத்து இப்படித்தான் இடமாச் சுத்துனேன். அதுலேர்ந்து யாராச்சும் இப்படி வந்தாலே வயித்தப் பெசையுது. உங்கள ஏசணும்னு இல்லம்மா.”

யா அல்லாஹ்! அந்த மனுஷன் முகத்துக்கு நேராகத்தான் தினமும் போய் நின்றிருக்கிறேனா?

“நாளையிலேர்ந்து நானும் உங்க பக்கமாவே வாரேன்ணே” என்றேன்.

“வேணாம். நீங்க போற எடத்துக்குப் பழகுங்க. நான் பாத்துக்கிறேன்.”

செப்டம்பர் 15

முழங்கையை இவரிடம் மறைத்தேன். வலியோடு அரைச் சுற்று.

செப்டம்பர் 23

இரண்டே கால். எதிரே வரும்போதெல்லாம் சிவனாண்டி அண்ணன் “இன்னும் எம்புட்டு?” என்று சத்தம் போட்டுக் கேட்கிறார். “முக்கால்!” என்று நானும் கத்தினேன்.

செப்டம்பர் 28

மூன்று!

இவரைக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நடந்தேன். மூன்றாவது சுற்றில் நான் சரிவில் இறங்கும்போதே எழுந்து நின்றுவிட்டார். “அடியே மெஹரு” என்றார். விழுந்ததையும் சொல்லிவிட்டேன். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார், திட்டவில்லை. ‘இல்லை’யில் நானே டிக் போட்டேன். அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்தது.

நவம்பர் 11 – மக்கா

ஏழு சுற்று. என் காலில்.

ஐந்தாவதில் கணுக்கால் கெஞ்சியது. “இன்னும் எம்புட்டு?” என்று யாரோ கேட்ட மாதிரி இருந்தது. “ரெண்டுண்ணே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், இவர் திரும்பிப் பார்த்தார். முடித்ததும் சிவனாண்டி அண்ணன் வீட்டம்மாவுக்காகவும் கையேந்தி துஆ கேட்டேன். பேர் தெரியவில்லை. கேட்டு வைக்காமல் வந்துவிட்டேனே.

நவம்பர் 27

அண்ணனுக்குப் பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். இன்றிலிருந்து வலமாகவே நடப்பது என்று ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டேன். என் காரியம் முடிந்தது, இனியும் அவர் வயிற்றை எதற்குப் பிசைய வேண்டும்?

ஊரோடு சேர்ந்து நடந்தேன். முன்னால் எத்தனையோ முதுகுகள், ஒன்றிலும் பச்சைத் துண்டு இல்லை. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது. வேப்பமரம் தாண்டினால் எதிரே வருகிறார். இடமாகச் சுற்றிக்கொண்டு!

“என்னண்ணே இது?”

“நீங்க வந்ததும் சேந்து நடக்கலாம்னு பழகிக்கிட்டிருக்கேன். நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கம் போனா என்ன அர்த்தம் பாயம்மா?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். “வயித்தப் பெசையலையா?” என்று கேட்டேன்.

“மொத நாலு நாளு பெசஞ்சுச்சு. நடந்தேன்.”

பழப்பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் வீட்டம்மா பேரையும் கேட்டுக்கொண்டேன். முத்துத்தாய். இன்றைய தொழுகையில் பேர் சொல்லியே கேட்டேன்.