பொட்டு வைக்கக் கழற்றிய ஒயர்

ஜீவனஹள்ளி,
பெங்களூர்.

அன்புள்ள கவியரசனுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் சாமி. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இப்போது பயமில்லை, நாளை அனுப்பிவிடுகிறார்கள். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். காலையிலிருந்து மூன்று தடவை காப்பி போட்டுவிட்டேன், ஒன்றையும் குடிக்கவில்லை.

விஜயதசமியன்று மல்லேஸ்வரம் கோயிலுக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினால் நம் பழைய கார் கிர்ர் கிர்ர் என்று சுற்றுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, பிளக்கைக் கூடக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். ஆட்டோவில் போகலாம் வாங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கிற ஆளா உன் அப்பா? நீ ஸ்டீரிங்கைப் பிடி, நான் தள்றேன், ஸ்டார்ட் ஆயிடும் என்று இறங்கிவிட்டார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை கவி. பத்தடி தள்ளியிருப்பார், அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார், சட்டையெல்லாம் வேர்வை. பக்கத்து வீட்டு ரகுராம்தான் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

நேற்று அடுகோடியிலிருந்து மெக்கானிக் ராகேஷ் வந்து பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். ஆண்ட்டி, சென்சார் ஒயரு கழண்டு கிடக்குது, யாரு கை வச்சது, ஒயர் மேலயே சந்தனம் இருக்குதே என்றான். நான் வைத்த சந்தனம்தான் கவி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைப்பது அப்பாதானே, இந்த வருஷம் குனியக் கூடாது என்று நான் செய்தேன். மிக்ஸியைத் துடைக்கிற மாதிரி கைக்கு வந்ததையெல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டினேன். ஒன்றை மாட்டாமல் விட்டிருக்கிறேன், பாவி. ராகேஷ் அதை மாட்டியதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அப்பாவுக்கு இது தெரியாது. எனக்கும் வயசாயிடுச்சு, வண்டிக்கும் வயசாயிடுச்சு, வித்துடலாம் முத்தம்மா என்று இன்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. நாளை வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடப் போகிறேன். நீ வீடியோ காலில் முந்திக்கொண்டு உளறி வைக்காதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அந்த மாரியம்மா உன்னைக் காப்பாற்றட்டும்.

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டுவார். திட்டட்டும். திட்டுவதற்கு அவருக்கு மூச்சு இருக்கிறதே கவி, எனக்கு அது போதும்.

உன் அம்மா,
முத்தம்மா