பொட்டு வச்ச லேப்டாப்

புரட்டாசி, ஆயுத பூஜை. ராத்திரி.

மஞ்சக்குப்பம் ஆபீஸ்ல புது கிளவுட் கிளஸ்டர், அதான் இணையத்துல ஒண்ணா சேந்து வேலை பாக்கற கம்ப்யூட்டர் கூட்டம், இன்னைக்குத்தான் ஓட ஆரம்பிச்சுது. அதுக்கும் பூஜைன்னு முதலாளி மாமா என் லேப்டாப்புக்குப் பொட்டு வச்சு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டார். ஸ்க்ரீன்ல கிளஸ்டருக்குள்ள போற ரகசியச் சாவி முழுசா தெரியுது. யார் வேணா உள்ள போய் எங்க வாடிக்கையாளருங்க, பண்ருட்டி முந்திரி வியாபாரிங்க தகவலை எடுத்துடலாம்.

உடனே சாவியை ரத்து பண்ணேன். எல்லாருக்கும் அந்த ஒரே சாவிதான், அதனால எல்லா வேலையும் நின்னுபோச்சு.

"நல்ல நாளும் அதுவுமா நிறுத்திட்டியேம்மா. பாத்தவங்க நம்ம சொந்தக்காரங்கதானே?"

"சொந்தக்காரங்களுக்கெல்லாம் வீட்டுச் சாவி குடுத்து வச்சிருக்கீங்களா மாமா?"

அவர் போனை எடுத்து ஸ்டேட்டஸை அழிச்சார்.

சிதம்பரம் பஸ்ல வீட்டுக்குத் திரும்பி வரும்போதே முடிவு பண்ணிட்டேன். இனி ஆளாளுக்குத் தனிச் சாவி. மாமாவுக்கும் உண்டு, ஆனா பாக்க மட்டும்தான். எதையும் மாத்த முடியாது. கோபப்படுவார். படட்டும். நாளைக்கு விஜயதசமி, அதுவும் நல்ல நாள்தான்.