ஒற்றைக்கண் ராஜாவின் கேன்வாஸ் ஷூ

ஜூன் 2

அன்புள்ள கேப்டனுக்கு,

இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, வாண்டு எல்லோரும் சுகம்தானே? போனில் பேசினால் நமக்குள் கொஞ்ச நேரத்தில் சண்டை வந்துவிடுகிறது. நீ விடுதியில் படித்த காலத்துக் கடிதப் பழக்கத்தை நான் விடாததற்கு அதுதான் காரணம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முக்கியமான செய்தி: எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ரிட்டயர் ஆன விளையாட்டு வாத்தியாருக்கு யார் வேலை தருவார்கள் என்று கிண்டல் செய்தாயே, இப்போது என்ன சொல்கிறாய்? கடைவீதியில் புதிதாகத் திறந்த பெரிய தியேட்டர். வரவேற்புப் பகுதி முழுவதும் என் பொறுப்பு. கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது, குழந்தைகளைச் சமாளிப்பது எல்லாம் நான்தான். ஏறக்குறைய மேனேஜர் மாதிரி என்று வைத்துக்கொள்ளேன்.

இப்போது ஒரு சூப்பர்ஹீரோ படம் ஓடுகிறது. எங்கோ பனி நாட்டுப் பழங்கதையாம். ஞானம் வேண்டும் என்று ஒரு கிணற்றிடம் தன் கண்ணையே பிடுங்கிக் கொடுத்த ராஜா. அவர் தோளில் இரண்டு காக்கைகள். உலகத்து வம்பையெல்லாம் கொண்டுவந்து காதில் போடும். அவர் ஒரு மரத்தில் வாளைக் குத்திவிட்டு, மனசு நல்லவனுக்குத்தான் இது வரும் என்கிறார். இடி மின்னலைக் கையில் பிடிக்கும் ஒரு பொடியன் வந்து உருவிவிடுகிறான். வாசலில் அதேபோல ஒரு மரம் செய்து வைத்திருக்கிறோம். வேரடியில், தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல். மிதித்தால் வாள் வரும், இல்லாவிட்டால் பயில்வான் இழுத்தாலும் வராது. ராஜா வேஷம் போட்டு ஓர் ஆள் பக்கத்தில் நிற்பார். யாருக்கு வாள் என்பது அவர் காலில் இருக்கிறது.

வாண்டுவை ஒருநாள் கூட்டி வா.

அன்புடன்,
அப்பா

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "சம்பந்தி தியேட்டர் மேனேஜராமே!" என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கும் பெருமைதான், ஒளிப்பானேன். என் கல்யாணத்தின்போது "பெண்ணோட அப்பா டிரில் வாத்தியாராம்" என்று இவர்கள் வீட்டு உறவுக்காரி ஒருத்தி இழுத்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவளுக்குப் போன் போட்டு, வேறு ஏதோ பேசுவதுபோல இதையும் சொல்லிவிட்டேன். சின்னப் புத்திதான், திட்டாதீர்கள்.

வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மரத்தில் வாள் இருக்கிறது என்று கேட்டதிலிருந்து துடைப்பத்தைச் சோபா இடுக்கில் செருகி இழுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ராஜா ஆளிடம் சொல்லி வையுங்கள், எங்கள் வீட்டு வாண்டு வந்தால் வாள் வந்தாக வேண்டும். மேனேஜர் சொல்லைக் கேட்காமல் போய்விடுவானா?

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். மெலிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

உங்கள்
கேப்டன்

ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை உங்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தோம். உங்களுக்குத் தெரியாமல் வந்து நின்று திகைக்க வைக்கலாம் என்பது அத்தையின் யோசனை. தியேட்டருக்கும் வந்தோம். உங்களைக் காணோம். லீவாக இருக்கும் என்று நினைத்து அத்தையிடம் அப்படியே சொல்லிவிட்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வீட்டுக்கு வர முடியவில்லை, கோபிக்க வேண்டாம்.

வாண்டு வாளை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பரவாயில்லை. படம் நன்றாக இருந்தது.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

கேப்டன்

ஜூலை 1

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் வந்தது. ஆமாம், அன்று எனக்கு லீவுதான். நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

ஆனால் அங்கே நடந்ததை அந்த ராஜா வேஷக்காரர் வந்து என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மனிதர் நொந்துபோயிருக்கிறார். யாரிடமாவது இறக்கிவைத்தால்தான் எனக்கும் ஆறும், அதனால் எழுதுகிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் ஓடி வந்தது ஒரு குழந்தையாம். முன்பல் இல்லை. பார்த்ததுமே ராஜா காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்துவிட்டார். பின்னாலேயே அவள் அம்மா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண் யாரையோ தேடியது. அந்தக் கண் ராஜாவின் அங்கிக்குக் கீழே போனதும் சிரிப்பு நின்றுவிட்டதாம். கம்பெனி கொடுத்த பூட்ஸ் அவருக்குச் சேரவில்லை. டிரில் வாத்தியார் காலத்திலிருந்து போடும், வெள்ளை பூசிய அதே கேன்வாஸ் ஷூவோடு நின்றிருக்கிறார், மடையன். அத்தனை தாடி, தொப்பி, காக்கை எல்லாம் போட்டும் காலை மறைக்கத் தெரியவில்லை.

பாட்டியம்மா, "யோவ், அந்தக் காக்காவ கொஞ்சம் தள்ளு, பேத்தி முகத்த மறைக்குது" என்றாராம். தள்ளினார். போட்டோவுக்குக் குனியச் சொன்னார்கள், குனிந்தார். அது தொழில், அதில் ஒரு வருத்தமும் இல்லை. அப்புறம் அந்தப் பாட்டியம்மா, "எங்கேம்மா உங்கப்பா? வரச் சொல்லு, பாத்துட்டுப் போலாம்" என்றிருக்கிறார். "அவரு இன்னிக்கு லீவு அத்தை" என்று பதில் வந்தது. பதில் சொன்னவள் நின்றது, மறைப்புப் போட்ட கண் பக்கம். கண்ணைத்தான் மறைத்திருந்தார்கள், காதை மறைக்கவில்லையே.

குழந்தை அப்போது வாளைப் பிடித்து முக்கி முக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கால் பெடல் மேல்தான் இருந்தது. ஒரு மிதி போதும். மிதிக்கவில்லை. கால் மரத்துப்போய்விட்டது என்றார் என்னிடம். பொய். ஆத்திரம். பெரியவர்கள் மேல் வந்த ஆத்திரத்தை ஐந்து வயதுப் பிள்ளை மேல் காட்டிவிட்டார். அடுத்து வந்த யாரோ ஒரு பையனுக்கு வாள் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதாம்.

வீட்டுக்கு வந்து தாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. பார்க்கவில்லை. அப்படியே படுத்துவிட்டார்.

அப்பா

ஜூலை 8

அப்பா,

இனி லீவு என்று எழுதாதீர்கள். படிக்க முடியவில்லை. கேப்டன் என்று கூப்பிடாமல் மகள் என்று தொடங்கியிருந்தீர்கள், அங்கேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அத்தையையும் இவரையும் இழுத்துக்கொண்டு எவ்வளவு மிதப்போடு வந்தேன் தெரியுமா? கோட்டு போட்டுக்கொண்டு நிற்பீர்கள், எல்லோரும் வணக்கம் சொல்வார்கள் என்று மனதுக்குள் ஒரு படமே ஓட்டிவிட்டேன். அந்த ஷூவைப் பார்த்ததும் காது சூடாகிவிட்டது. எதிரே நிற்பது அப்பா என்று ஒரு நினைப்பு. நான் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்ட அந்த உறவுக்காரியின் முகம் இன்னொரு நினைப்பு. இரண்டாவதுதான் வாயைத் திறந்தது. நீங்கள் ஏன் பொய் எழுதினீர்கள் என்று உங்கள் மேல் சண்டை பிடிக்க நினைத்துப் பேனாவை எடுத்தேன். அதற்கும் வாயில்லை எனக்கு.

ஷூவைப் பார்த்த வெட்கம் படம் தொடங்குவதற்குள் போய்விட்டது. அப்புறம் வந்தது போகமாட்டேன் என்கிறது. படத்தில் ராஜா பேசும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கே எடுத்த போட்டோவை அத்தை சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வாண்டுவோடு நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்த ஒரே போட்டோ அதுதான், அப்பா. நடுவில் நீங்கள் குனிந்து நிற்கிறீர்கள், ஓரத்தில் நான் வேறு எங்கோ பார்க்கிறேன். வருகிறவர்கள் "யாரு இந்த ராஜா?" என்று கேட்கிறார்கள். "தியேட்டர்ல நிக்கிற ஆளு" என்கிறார் அத்தை. நான் டீ போடப் போய்விடுகிறேன். இப்போது எங்கள் வீட்டில் டீ ரொம்பச் செலவாகிறது.

வாண்டு கேட்கிறாள்: "மனசு நல்லா இருந்தாதான வாள் வரும்? அப்ப எனக்கு மனசு நல்லா இல்லையாம்மா?" நல்லவளாக வேண்டுமாம். தினமும் ஒரு பொம்மையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு வருகிறாள். நேற்று யானையையும் கொடுத்துவிட்டாள். அது இல்லாமல் அவள் தூங்கமாட்டாள்.

இன்னும் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மகள்

ஜூலை 20

அன்புள்ள மகளுக்கு,

யானை விஷயத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இத்தனை நாள் விசில் ஊதி எத்தனையோ பிள்ளைகளை ஓட விட்டிருக்கிறேன், ஒருவரைக்கூட இப்படித் தோற்கடித்ததில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. குற்றம் வாளிலும் இல்லை, அவள் மனசிலும் இல்லை, தாத்தாவின் காலில் இருக்கிறது.

உன்னை மட்டும் சொல்லி என்ன? நான்தான் ராஜா என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் நீ யாரிடமும் மேனேஜர் கதை அளந்திருக்க மாட்டாய். என் வேலையைச் சொல்ல எனக்கே வெட்கம். அதையேதான் நீயும் செய்தாய். விசில் ஊதிக் கற்றுக்கொடுத்ததெல்லாம் உனக்கு மறந்துவிட்டது, இதை மட்டும் கப்பென்று பிடித்துக்கொண்டாய்.

வெள்ளிக்கிழமையோடு அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். மரத்தை இரண்டு பேர் வந்து கைவண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே வெறும் அட்டையும் பஞ்சும்தான். வாளை மட்டும் மேனேஜரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். குடை மாட்டும் ஆணியில் தொங்குகிறது.

அடுத்து வந்திருப்பது கார்ட்டூன் படம். எனக்கு இப்போது கரடி வேஷம். முகம் முழுவதும் மூடியிருக்கும். ஷூகூடக் கரடிப் பாதத்துக்குள் போய்விடுகிறது. யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆகவே நீங்கள் எல்லோரும் எப்போது வேண்டுமானாலும் தைரியமாக வரலாம்.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கும் ரோஷம் உண்டு.

கேப்டன் பதவி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அப்பா

ஜூலை 27

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று மாடி வீட்டு அம்மா வந்தார். வழக்கம்போல "யாரு இந்த ராஜா?" என்றார். நான் டீத்தட்டோடு பாதி வழியில் நின்றிருந்தேன். "எங்கப்பா" என்றேன். முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் கத்திவிட்டேன்.

அத்தை எழுந்து போட்டோவுக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பந்திய யோவ்னு கூப்பிட வெச்சிட்டியேடி" என்று ஒரு வார்த்தைதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. இவர், "எங்கள அவ்வளவு கேவலமாவா நெனச்ச?" என்று கேட்டார். ஏற்கெனவே உங்களிடம் தலைகுனிந்து நின்றேன், இப்போது வீட்டில் எல்லோரிடமும் நிற்கிறேன். நிற்க வேண்டியதுதான்.

வாண்டுவிடமும் சொன்னேன். தாத்தாவின் கால் எதற்காக மிதிக்கவில்லை என்பதையும், அதற்குக் காரணம் அம்மா என்பதையும் சேர்த்து. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு யோசித்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், கொடுத்த பொம்மை எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு வருகிறோம். அத்தையும் வருகிறார்; டிக்கெட் எடுக்கச் சொன்னதே அவர்தான், என்னிடம் நேராகச் சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். வாளைக் கொண்டுவாருங்கள். கேன்வாஸ் ஷூவுக்கு நன்றாக வெள்ளை பூசிப் போடுங்கள்.

நாங்கள் வரும்போது கரடித் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், அப்பா. வாசலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நான் கதவிலிருந்தே கூப்பிடுவேன். அன்று கேட்ட அதே காதில் அது விழ வேண்டும்.

உங்கள் மகள்