பாயிண்ட்ஸ்மேன் வீட்டு டப்பா

அண்ணி,

இன்று மத்தியானம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது தார் வாசனை அடித்தது. பங்குனி வெயில் ஏறினால் அந்தப் பழைய சிலீப்பர் கட்டைகளிலிருந்து கறுப்பாகக் கசியும். மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது யாரோ வாங்கி வந்து வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டவை. அவற்றின் மேல் எத்தனை ரயில் போயிருக்கும் என்று நீங்கள் கேட்கும்வரை எனக்கு அது வயலுக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு நீங்கள் ஊர் திரும்பியபோது, என்ன கொண்டுவந்தீர்கள் என்று தெருவே கண் வைத்திருந்தது. நீங்கள் கொண்டுவந்தது ஒரு விளையாட்டு. ஒரு டப்பாவுக்குள் சில்லறைச் சாமான் போட்டு எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். அந்த இடத்தையும் அதன் கதையையும் போனில் ஏற்ற வேண்டும். எந்த ஊர்க்காரரும் வந்து தேடலாம். கிடைத்தால் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தன்னுடையது ஒன்றைப் போட்டுவிட்டு, வந்து பார்த்ததாகப் போனில் எழுதிவிட்டுப் போகலாம். ஜியோகேச்சிங் என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியும் என் வாயில் நுழையவில்லை. டப்பா விளையாட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

"இந்த ஊருக்கு யாரு அண்ணி வந்து தேடுவா? பாசஞ்சரே நம்ம ஸ்டேஷன்ல போனாப்போவுதுன்னுதான் நிக்குது" என்றேன்.

"ஸ்கூட்டில ஏறு, காட்டுறேன்" என்றீர்கள்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கருவேலம் புதருக்குள் கிடந்த சிமெண்டுத் திட்டுதான் கரி இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிய தூணின் அடி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆடுகள் படுத்திருக்கும் சரிவு, கீழ்வேளூர்ப் பக்கத்து நெல்லெல்லாம் வந்து இறங்கிய குட்ஸ் ஷெட் இருந்த இடம். கடைசியாக ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில்வே வேலிக்கு வெளியே, பூவரச மரத்தடியில் ஒரு துவைகல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினீர்கள்.

"இதான் எங்க வீடு."

உங்கள் அப்பா ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிட்டு விளக்குக் காட்டுகிற பாயிண்ட்ஸ்மேன் என்பது தெரியும். வீடு எங்கே இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. அகலப் பாதை வந்தபோது அந்த வீட்டு வரிசையையே இடித்துவிட்டார்களாம். துவைகல்லை மட்டும் யாருக்கும் தூக்க மனசில்லை போலிருக்கிறது.

"நம்ம ஆளுங்க வந்து பார்த்தா பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர், இங்க ஒரு வீடு இருந்துச்சுன்னு தெரிஞ்சு வந்து நிக்கணும். அது போதும் எனக்கு" என்றீர்கள்.

வாய்க்கால் பாலத்தையும் சேர்த்து நாலு இடத்திலும் டப்பா வைத்தோம். பிளாஸ்டிக் என்றால் எலி கடிக்கும் என்று எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கினீர்கள். அங்கேதான் வந்தது வினை. சிலீப்பர் பாலத்துக்கு அடியில் நாம் ஒளித்தது மறுநாள் வரப்போரத்து வேப்பங்கிளையில், ஊருக்கே தெரிகிற மாதிரி தொங்கியது. மறுபடி ஒளித்தோம், மறுபடி தொங்கியது. நடவுக்கு வந்த செல்வியும் அவள் கூட்டமும், யாரோ சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று கழுவித் துடைத்து, முந்தானைக் கிழிசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"டெய்லி மறந்துட்டுப் போற ஆளு யாருடான்னு நாங்களும் பாக்குறோம். உள்ள சோத்துப் பருக்கை ஒண்ணு இல்ல, பாசிமணியும் சாவிக்கொத்தும் கெடக்கு. பாவம், புத்தி சரியில்லாதவங்க போலன்னு நெனச்சோம்" என்றாள் செல்வி.

நீங்கள் வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிறகு விளையாட்டை விளக்கினீர்கள். செல்வி கேட்டுவிட்டு, "அப்ப குட்ஸ் ஷெட்டு கதையில எங்க அம்மாவயும் எழுதுங்கக்கா. மூட்டையிலேர்ந்து சிந்துற நெல்லக் கூட்டி அள்ளித்தான் எங்களுக்குக் கஞ்சி ஊத்துச்சு" என்றாள். அதையும் போனில் ஏற்றினீர்கள். அப்புறம் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினாலே ஆளுக்கொரு கதையோடு வந்தார்கள். ஊருக்கு இவ்வளவு ஞாபகம் இருப்பது ஊருக்கே தெரியாமல் இருந்தது.

மற்ற டப்பாக்களைத் தேடி எப்போதாவது ஓரிருவர் வந்தார்கள். துவைகல் டப்பாவுக்கு மட்டும் யாரும் வரவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்த்தபோதும், மூக்கில் குழாயோடு அதைத்தான் கேட்டீர்கள்.

"வந்தாங்களா?"

வந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது. "இல்ல அண்ணி" என்றேன்.

"சரி. எடுத்துடாத, கெடக்கட்டும்" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு அண்ணனுக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. "யாருக்கும்மா அது, எடுத்துடேன்" என்று இரண்டொரு தரம் சொன்னது. நான் எடுக்கவில்லை. மழை முடிந்தால் துடைத்துவைப்பேன், துருப்பிடித்த சாவிக்கொத்தை மாற்றுவேன். உங்கள் மேல் கோபமாகக்கூட இருக்கும், இப்படி ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று.

இன்றைக்கும் அதற்குத்தான் போனேன். பூவரச மரத்தடியில் ஒரு பெண் போனும் கையுமாக நின்றிருந்தாள். சேலம் பக்கமாம், திருவாரூரில் படிக்கிறாளாம். டப்பாவைக் கண்டுபிடித்துத் துவைகல் மேல் வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க இந்த ஊருங்களா? சமையல்கட்டு ஜன்னல்ல நின்னா அப்பா கையில இருக்கிற விளக்கு தெரியும்னு எழுதியிருக்காங்க. அது எந்தப் பக்கம்?"

நீங்கள் காட்டிய மாதிரியே காட்டினேன். இது நடை, இது கூடம், அதோ அந்தக் கள்ளிச் செடி இருக்கிற இடம் சமையல்கட்டு. வெறும் புல்தான் அண்ணி, ஒரு செங்கல்கூட இல்லை.

அவள் நடை இருந்த இடம் வரைக்கும் வந்தாள். அங்கே நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். மேலே ஒரு அடி வைக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். எதற்காக நிற்கிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனேன்.

"உள்ள வாம்மா" என்றேன்.

வீட்டுக்காரி இல்லாதபோது வந்தவர்களை நாத்தனார்தானே கூப்பிட வேண்டும். இனி அது என் வேலை அண்ணி, நான் பார்த்துக்கொள்கிறேன்.