மேசையில் தட்டிய பென்சில்

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய தைலத்தில் அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, நீ முன்பு வேலை பார்த்த பிரெஞ்சுப் பயிற்சி நிலையத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். கூட்டுச் சொற்களை அசை பிரித்து உச்சரிக்கச் சொல்லித்தரும் என் நோட்டை நீட்டினேன். ஆறு வருட உழைப்பு. மேலாளர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இது உங்க தங்கச்சியோட பாடமாச்சே, அதைக் காப்பியடிச்சு எங்ககிட்டயே கொண்டுவந்திருக்கீங்க?" என்றார். அந்தப் பாடத்துக்காகத்தான் உன்னைத் தலைமை அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டார்களாம். எனக்கு முகம் செத்துவிட்டது.

வானவில்லுக்கான பிரெஞ்சுச் சொல் நினைவிருக்கிறதா? நடுவில் இரண்டு சிறுகோடு. நீ கோட்டுக்குக் கோடு நின்று 'அர்க்-ஆன்-சியெல்' என்று திக்குவாய். கோடு கண்ணுக்குத்தான், வாய்க்கு இல்லை, 'அர்-கான்-சியெல்' என்று சொல் என நான்தான் சிவப்புப் பென்சிலால் பிரித்துக் கொடுத்தேன். என் நோட்டைப் பார்த்து நீ வாசித்து ஒலிப்பதிவு செய்த அன்று, மின்விசிறியை அணைத்த அறையில் வியர்வை வழிய, நீ அவசரப்படாமலிருக்க அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். "சும்மா நம்ம ரெண்டு பேருக்குத்தான்க்கா" என்றாய். நம்பினேன், மடச்சி.

அம்மா, "விடுடி, கூடப்பிறந்தவதானே, நல்லா இருந்துட்டுப் போகட்டும்" என்கிறாள். வேறு யாராவது என்றால் விட்டிருப்பேன். நீ என்பதால்தான் ஆறவில்லை. கூட இருந்தே குழி பறித்துவிட்டாயே.

நேற்று உன் பாடத்தைக் கேட்டேன். குரல் தேன்தான், குறை சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் உன் பெயர், முடிவிலும் உன் பெயர். நடுவில் ஒவ்வொரு அசையோடும் 'டொக்' என்று ஒரு சத்தம். அதை மட்டும் உன்னால் அழிக்க முடியவில்லை.

மேலாளரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர் வாங்கி வைத்துக்கொண்ட நோட்டு மாதக் கடைசி வரை அவரிடம்தான் இருக்கும். அதற்குள் நீயே அவரைக் கூப்பிட்டு, தட்டியது என் அக்கா என்று சொல்லிவிடு.

அங்கே குளிர் அதிகம் என்றாய். வெந்நீர் குடி, தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அந்த ஒரு வரியைச் சொல்ல அது வேண்டும்.

இன்னும் உன்,
அக்கா