பெருமனை மொட்டைமாடியில் கதிர்ப்பலகை பதிக்க இசைந்த ஓலை

திரு நிலைக்க; பருவமழை தவறாதிருக்க. நீள்கரை நாட்டின் கதிர்க்கொடை அமைச்சர் சேந்தன் மாறனார் திருமுன்னுக்கு, பொழில்நகர் நெசவுத்தெருவில் பெருமனைக் குடியின் மூத்தவர் அடலேறனார் எழுதுவித்த ஓலை. தங்கள் மனையும் தங்கள் பொறுப்பிலுள்ள ஊர்களும் நலமுடன் வாழ்க.

கூரையில் கதிர்ப்பலகை பதித்து வெயிலை விளக்காக்கும் வீட்டாருக்குச் செலவில் பாதியை அரசே தரும் என்றும், மிச்ச ஒளியைத் தெருவுக்கு ஈயும் வீட்டுக்கு மனைவரி இல்லை என்றும் மன்னர் பிறப்பித்த ஆணை மும்முறை வந்தது. மும்முறையும் அடலேறனார் அதைத் திருப்பி அனுப்பினார். ஆணையில் அவர் குறை காணவில்லை. கொடை பெறுவோர் மேலாடையை இடுப்பில் கட்டி, அவையில் வரிசையில் நின்று, இரு கை நீட்டி வாங்க வேண்டும் என்ற முறைதான் அவருக்குத் தொண்டையில் முள்ளாய் நின்றது.

பெருவெள்ளம் வந்த ஆண்டில் நகரில் நீர் ஏறாத இடம் பெருமனையின் மொட்டைமாடி ஒன்றே. பதினோரு நாள் தெருவே அங்கு குடியிருந்தது. ஈரப் பாய்களின் வாடை, கைக்குழந்தைகளின் அழுகை, பெரிய பானையில் அவர் தாயார் துழாவிய கம்பங்கூழின் ஆவி ஆகியவை இன்றும் அடலேறனாரின் நெஞ்சை விட்டு அகலவில்லை. படகில் வந்த அந்நாள் மன்னரும் அங்கேயே பசியாறினார். கொடுத்த குடி வாங்கலாகாது என்று அன்று முதல் அவர் தந்தையார் சொல்லி வந்தார். அந்த மாடியில் அதன் பின் ஒரு செங்கல்லும் ஏற்றப்படவில்லை.

ஆனால் தெருவில் ஒரு வீடு விலகினாலும் மற்றவர்க்கு அரசின் பங்கு பாதியிலிருந்து காலாகக் குறையும் என்பது விதி. ஆனி முடிந்தால் அதுவும் இல்லை. எதிர்வீட்டு நெசவாளி வேம்பி, இருண்ட பின்கட்டில் இரண்டு தறி வைத்துக் கண் கெட்டவள், சென்ற வாரம் நண்பகலில் பெருமனை வாசலுக்கு வந்தாள். காற்பங்கை நம்பித் தன்னால் பலகை வாங்க இயலாது என்றாள். குடிப்பெருமையை அடலேறனார் அவளுக்கு விரித்துரைத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இது:

"பெரியய்யா, அன்னிக்கு எங்கப்பனும் அந்த மாடியில கை நீட்டித்தான் கூழு வாங்குனாரு. அவருக்குப் பின்னால நின்னது மகராசா. வாங்கினதால ரெண்டு பேருல யாரு குறைஞ்சு போனாங்க?"

அந்நாள் மன்னர் தம் பட்டு மேலாடையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தறிக்காரன் ஒருவனுக்குப் பின்னே முறைக்குக் காத்து நின்றதை அடலேறனார் தம் கண்ணால் கண்டவர். ஐம்பது ஆண்டுகளாக அக்கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பகுதியை விட்டுவிட்டே சொல்லி வந்திருக்கிறார்.

ஆகவே அறிவிப்பது யாதெனில், பெருமனை மாடியில் பலகை பதிக்கலாம். மிச்ச ஒளி பின்கட்டுத் தறிகளுக்கு முதலில் செல்க. வரும் வியாழனன்று அடலேறனார் அவைக்கு வருவார். வேம்பிக்குப் பின்னே நிற்பார். அவருக்கென்று இருக்கை இட வேண்டாம். அவர் நுழையும்போது அவையோர் எழுவது வழக்கம். அன்று ஒருவரும் எழலாகாது. இது வேண்டுகோள் அன்று, பெருமனை மூத்தவரின் ஆணை. முத்திரை இட்டோம்.